அப்பா வண்டியில் போன் சார்ஜர் – ஃபியூஸ் எங்கே?



இந்த மாதம் அறிவியல் பகுதிக்கு என்னை எழுதச் சொன்னார்கள். ராக்கெட் பற்றி எழுதலாமா, கிரகணம் பற்றி எழுதலாமா என்று யோசித்தேன். கடைசியில் எங்க வீட்டு வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிள் பற்றியே எழுதுகிறேன். ஏன் என்று படித்தால் உங்களுக்கே தெரியும்.

எங்க அப்பா வண்டியில் ஊர் ஊராகப் போய்ப் பூண்டு விற்கிறார். பின்னால் மூட்டை, முன்னால் சின்ன ஸ்பீக்கர். இப்போது நிறைய பேர் போனில்தான் பணம் அனுப்புகிறார்கள். மதியத்துக்குள் போன் சார்ஜ் தீர்ந்துவிடும். பணம் வந்ததா என்று பார்க்க முடியாது. அம்மா கூப்பிட்டாலும் கிடைக்காது. அதனால் வண்டி ஹேண்டிலில் ஒரு யூ.எஸ்.பி. சார்ஜர் மாட்டினார். மாட்டிக் கொடுத்தவர் சிவப்பு வயரை பேட்டரியின் பிளஸ் முனையில் நேராக முறுக்கினார், கறுப்பு வயரை மைனஸில் முறுக்கினார். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

மூன்று மாதம் நன்றாக ஓடியது. கார்த்திகை மாதம் ஒரு நாள் மழை விட்ட நேரம். அப்பா வாசலில் வண்டியைத் திருப்பினார். பிளாஸ்டிக் கருகும் நாற்றம். பெட்ரோல் டேங்குக்கு அடியிலிருந்து புகை! அப்பா சாவியைத் திருப்பி அணைத்தார். அணைத்தும் புகை நிற்கவில்லை. பக்கவாட்டு மூடியைப் பிடுங்கி எறிந்து, தோள் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு வயரைப் பிய்த்து எடுத்தார். இரண்டு விரலில் தோல் வெந்துவிட்டது. டேங்கில் அன்றைக்குத்தான் பெட்ரோல் போட்டிருந்தார். அம்மா அழுத அழுகையை நான் மறக்க மாட்டேன்.

மறுநாள் அறிவியல் டீச்சரிடம் சொன்னேன். டீச்சர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: "ஃபியூஸ் எங்கம்மா இருந்துச்சு?"

எனக்கு வாயே வரவில்லை. ஏனென்றால் போன பரீட்சையில் "மின் உருகு இழையின் பயன் யாது?" என்ற கேள்விக்கு இரண்டு மதிப்பெண்ணும் வாங்கியவள் நான். விடைத்தாளில் எழுதத் தெரிந்தது. வண்டி பக்கத்தில் நின்றபோது கேட்கத் தெரியவில்லை.

அதனால் நான் டீச்சரிடமும், எங்க ஊர் பட்டறை அண்ணனிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

1. வண்டியில் மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

இன்ஜின் சுற்றும்போது அதனுடன் சேர்ந்து காந்தம் சுற்றும். அதன் பக்கத்தில் செம்புக் கம்பிச் சுருள் இருக்கும். காந்தம் சுற்றினால் சுருளில் மின்சாரம் பிறக்கும். 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல் இதுதான். பட்டறையில் இதை மேக்னட் காயில் என்கிறார்கள். இதில் வருவது மாறுதிசை மின்னோட்டம். ரெகுலேட்டர் என்ற பெட்டி அதை நேர்த்திசை மின்னோட்டமாக்கி, அளவாக பேட்டரிக்கு அனுப்பும்.

இப்போதுள்ள வண்டிகளில் பேட்டரி 12 வோல்ட். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் சுமார் 14 வோல்ட் இருக்கும். மிகப் பழைய சில வண்டிகளில் 6 வோல்ட் பேட்டரி. அவற்றுக்கு 12 வோல்ட் சார்ஜர் சரிப்படாது.

போனுக்கு சாதாரணமாக வேண்டியது 5 வோல்ட்தான். 12-ஐ 5 ஆகக் குறைத்துக் கொடுப்பதே சார்ஜரின் வேலை.

2. சார்ஜர் எவ்வளவு மின்சாரம் எடுக்கும்?

மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்.

போனுக்குப் போவது 5 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 5 × 2 = 10 வாட். சார்ஜரில் கொஞ்சம் வெப்பமாக வீணாகும். அதையும் சேர்த்து 12 வாட் என்று வைத்துக்கொள்வோம். 12 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் 1 ஆம்பியர். ஹெட்லைட் பல்பு பல வண்டிகளில் 35 வாட். அதோடு பார்த்தால் சார்ஜர் எடுப்பது கொஞ்சம்தான்.

அப்படியானால் வயர் ஏன் எரிந்தது?

3. வயர் எரிந்த காரணம்

பட்டறை அண்ணன் எரிந்த வயரைக் காட்டினார். ஹேண்டில் கழுத்துப் பகுதியில், திருப்பும்போதெல்லாம் இரும்பில் உரசி உரசி, மேலே இருந்த பிளாஸ்டிக் தேய்ந்து செம்பு தெரிந்தது.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். வண்டியில் பேட்டரியின் மைனஸ் முனை வண்டியின் இரும்புச் சட்டத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். இதைத்தான் பாடி எர்த் என்கிறார்கள். அதனால் வண்டியின் சட்டம் முழுவதுமே மைனஸ்தான்! பிளஸ் வயர் எந்த இடத்தில் இரும்பைத் தொட்டாலும் அது பேட்டரியின் இரண்டு முனைகளையும் நேராகச் சேர்த்தது போல. இதுவே குறுக்குச் சுற்று, அதாவது ஷார்ட்.

1827-ல் ஓம் சொன்ன விதிப்படி, மின்னோட்டம் = மின்னழுத்தம் ÷ மின்தடை. வயரும் பேட்டரியும் சேர்ந்து மின்தடை 0.1 ஓம் என்று வைத்துக்கொண்டால், 12 ÷ 0.1 = 120 ஆம்பியர்! 1 ஆம்பியர் போக வேண்டிய மெல்லிய வயரில் 120 ஆம்பியர்.

ஜூல் விதிப்படி வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. மின்னோட்டம் 120 மடங்கு ஆனால் வயரில் வெப்பம் 120 × 120 = 14,400 மடங்கு. பிளாஸ்டிக் உருகாமல் என்ன செய்யும்?

சாவியை அணைத்தும் ஏன் நிற்கவில்லை? வயர் சாவி வழியாகப் போகவில்லை. நேராக பேட்டரியில் இருந்தது. கம்பெனியில் வைத்த ஃபியூஸ் வண்டியில் இருந்தது. ஆனால் எங்கள் வயர் அந்த ஃபியூஸ் வழியாகவும் போகவில்லை. வாசலில் காவலாளி நின்றாலும், சுவர் ஏறிக் குதித்தவனை அவர் எப்படித் தடுப்பார்?

4. ஃபியூஸ் யாருக்குக் காவல்?

ஃபியூஸ் போனைக் காப்பாற்ற வைப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது தவறு. ஃபியூஸ் முக்கியமாகக் காப்பது வயரை. அளவுக்கு மேல் மின்னோட்டம் வந்தால், வயர் சூடாகும் முன்னே ஃபியூஸுக்குள் இருக்கும் மெல்லிய இழை உருகி அறுந்துவிடும். சுற்று நின்றுவிடும்.

ஆகவே மூன்று விதிகள்:

அ) ஃபியூஸ் பேட்டரியின் பிளஸ் முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் உள்ள வயருக்கு யாரும் காவல் இல்லை. அந்தத் துண்டு எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. ஹேண்டில் பக்கத்தில் ஃபியூஸ் வைத்தால் எங்கள் வண்டியில் அது உதவியே இருக்காது. வயர் உரசியது அதற்கு முன்னால்தானே!

ஆ) ஃபியூஸ் அளவு, சார்ஜர் எடுப்பதை விடக் கொஞ்சம் அதிகமாகவும், வயர் தாங்குவதை விடக் குறைவாகவும் இருக்க வேண்டும். ஒரு போன் சார்ஜருக்கு 3 ஆம்பியர் போதும். இரண்டு துளை உள்ள வேக சார்ஜர் என்றால் 5 ஆம்பியர். தகடு ஃபியூஸில் நிறத்தைப் பார்த்தே அளவு சொல்லலாம்: ஊதா 3, வெளிர் பழுப்பு 5, சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20.

இ) ஃபியூஸ் போனால் காரணத்தைப் பார்க்காமல் பெரிய ஃபியூஸ் போடக் கூடாது. செம்புக் கம்பி சுற்றுவது, சிகரெட் அட்டை வெள்ளித்தாள் வைப்பது இரண்டும் காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து போடுவது போல.

"வண்டியின் பெரிய ஃபியூஸ் வழியாகவே எடுத்தால் என்ன?" என்று கேட்டேன். "எடுக்கலாம். ஆனா சார்ஜர்ல ஷார்ட் ஆனா அந்த ஃபியூஸ் போகும், ராத்திரி நடுரோட்ல வண்டியே நின்னுடும். சார்ஜருக்குத் தனியா ஒண்ணு இருந்தா சார்ஜர் மட்டும்தான் நிக்கும்" என்றார் அண்ணன்.

5. பேட்டரி இறங்கிப் போகாமல் இருக்க

சின்ன வண்டிகளில் பேட்டரி 4 ஆம்பியர் மணி அளவில்தான் இருக்கும். 12 × 4 = 48 வாட் மணி. 5000 மில்லி ஆம்பியர் மணி போன் பேட்டரியில் சுமார் 19 வாட் மணி அடங்கும். வீணாவதையும் சேர்த்தால் 23, 24 ஆகிவிடும். அதாவது வண்டியை அணைத்துவிட்டு ஒரு போனை முழுதாக ஏற்றினால் வண்டி பேட்டரியில் பாதி காலி! செல்ஃப் எடுக்காது.

போன் மாட்டாவிட்டாலும் சும்மா இல்லை. சில சார்ஜர்களில் நீல விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அது 20 மில்லி ஆம்பியர் எடுத்தால்கூட 5 நாளில் 2.4 ஆம்பியர் மணி. ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால் வண்டி கிளம்பாது.

இதற்கு வழி, சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும்படி இணைப்பது. சின்ன சார்ஜர் என்றால் சாவிக்குப் பின்னால் வரும் வயரிலிருந்து தனி ஃபியூஸ் வைத்து எடுக்கலாம். பெரிய 12 வோல்ட் சாக்கெட் என்றால் நடுவில் ரிலே வேண்டும். சாவி வயரின் சின்ன மின்னோட்டம் ரிலேக்குள் இருக்கும் மின்காந்தத்தை மட்டும் இயக்கும். பெரிய மின்னோட்டம் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தனிப் பாதையில் போகும்.

6. நாங்கள் திரும்ப மாட்டிய முறை

அப்பா இனி சார்ஜரே வேண்டாம் என்றார். ஆனால் போன் இல்லாமல் வியாபாரம் நடக்கவில்லை. பட்டறை அண்ணன் செய்தார். நான் ஒவ்வொன்றாகக் கேட்டு நோட்டில் எழுதினேன்.

* முதலில் பேட்டரியின் மைனஸைக் கழற்றினார், பிறகு பிளஸ். மாட்டும்போது முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ். ஏன் தெரியுமா? மைனஸ் இணைப்பில் இருக்கும்போது பிளஸைத் திருகினால், ஸ்பேனர் சட்டத்தில் பட்டாலே ஷார்ட்.
* பேட்டரி பக்கத்திலேயே ரிலேயும், 5 ஆம்பியர் ஃபியூஸ் கூடும் வைத்தார். பின்னால் ஸ்பீக்கருக்கும் சேர்த்து இரண்டு துளை சார்ஜர்.
* வயர் முழுவதும் கறுப்பு ஸ்லீவ் போட்டார். இன்ஜின், சைலன்சர் பக்கம் போகவே இல்லை.
* ஹேண்டிலை இடது கடைசி, வலது கடைசி வரை திருப்பிப் பார்த்தார். வயர் இழுபடவும் இல்லை, நசுங்கவும் இல்லை. அதன் பிறகுதான் டை போட்டு இறுக்கினார்.
* இணைப்புகளை வெறுமனே முறுக்காமல் ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூடு காட்டினால் சுருங்கும் ஸ்லீவ் மாட்டினார்.
* சார்ஜருக்கு ரப்பர் மூடி. வயர் சார்ஜருக்குக் கீழே ஒரு வளைவு வளைந்து மேலே ஏறுகிறது. மழைத்தண்ணீர் வயர் வழியே உள்ளே ஓடாமல் வளைவில் சொட்டிவிடும்.
* கடைசியில் மல்டிமீட்டர் வைத்தார். சாவி அணைத்தால் சார்ஜர் வயரில் 0 வோல்ட். சாவி போட்டால் 12.6. இன்ஜின் ஓடினால் 14.1.

ஃபியூஸும் கூடும் சேர்த்து 50 ரூபாய்கூட ஆகவில்லை. அதை மிச்சம் பிடித்துத்தான் அப்பா விரல் வெந்தது.

தோழர்களே, தோழிகளே! இந்த வேலையை நாம் தனியாகச் செய்யக் கூடாது. பெரியவர்களும் வேலை தெரிந்தவர்களும்தான் செய்ய வேண்டும். வாரண்டி உள்ள புது வண்டி என்றால் கம்பெனி சர்வீஸில் கேட்டுவிட்டே செய்ய வேண்டும். ஆனால் கேள்வி கேட்க யாருக்கும் வயது தேவையில்லை. உங்கள் வீட்டு வண்டியில் சார்ஜரோ, கூடுதல் லைட்டோ, ஸ்பீக்கரோ மாட்டியிருந்தால் இன்று சாயங்காலமே கேளுங்கள்: "அப்பா, இதுக்கு ஃபியூஸ் எங்கே இருக்கு?"

நான் கேட்க மூன்று மாதம் தாமதம் ஆனது. நீங்கள் தாமதிக்காதீர்கள்.

சிந்தித்து விடை சொல்லுங்கள்:

1. ஃபியூஸை ஹேண்டில் பக்கம் வைத்தால் என்ன குறை?
2. 12 வோல்ட், 5 ஆம்பியர் மணி பேட்டரியில் 1 ஆம்பியர் எடுத்தால் எத்தனை மணி நேரத்தில் முழுவதும் காலியாகும்?
3. பேட்டரியைக் கழற்றும்போது மைனஸை ஏன் முதலில் எடுக்கிறோம்?

விடைகளை எழுதி இந்தச் சுவர் இதழுக்குக் கீழே உள்ள பெட்டியில் போடுங்கள்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி