நாளங்காடியும் நம்மூர்க் கடைத்தெருவும்

வாணிகத்தின் உயிர் நம்பிக்கை. வாங்குவோர் விற்பவருடைய தராசை நம்புகின்றனர். விற்பவர் வாங்குவோருடைய சொல்லை நம்புகின்றனர். நாணயம் என்னும் ஒரே சொல் நம் மொழியிற் காசினையும் நேர்மையினையும் குறித்து நிற்றல் இவ்வுண்மை பற்றியே போலும். தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம், வேளச்சேரி முதலிய சென்னையின் தென்புற ஊர்களில் இந்நாளில் ஆண்டுதோறும் புதிய கடைகள் திறக்கப்பெறுகின்றன. பழைய கடைகளுட் சில பெயர் மாறுகின்றன, சில கதவடைத்துப் போகின்றன. இம்மாற்றத்தால் நாம் பெற்றது யாது, இழந்தது யாது, இழவாமற் காக்கத்தக்கது யாது என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆராயப் புகுமுன் ஒன்று கூறிவிடுதல் முறை. எந்தையார் சேலையூரை அடுத்த ஒரு குறுந்தெருவில் மளிகைக்கடை வைத்திருப்பவர். திருநெல்வேலிச் சீமையினின்று வந்தவராதலின் தெருவிலுள்ளார் அனைவர்க்கும் அவர் ‘அண்ணாச்சி’. ஆகவே இப்பொருளில் யான் முற்றிலும் நடுநின்று பேசுகின்றேன் என்று சொல்லிக்கொள்ளல் பொருந்தாது. ஆயினும் எம் கடைக்கு எதிரான வழக்கையும் நேர்மையுடன் எடுத்துரைக்க முயல்வேன்.

அங்காடி என்னும் சொல் மிகப் பழையது. பகற்பொழுதில் நடப்பதனை நாளங்காடி என்றும், இரவில் நடப்பதனை அல்லங்காடி என்றும் மதுரைக்காஞ்சி பிரித்துக் கூறும். புகார் நகரத்து நாளங்காடி மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடைப்பட்ட சோலையில், நெருங்கிய மரங்களையே கால்களாகக் கொண்டு அமைந்திருந்தது என்பது சிலப்பதிகாரத்தாற் போதரும். அந்நகரத்துப் பண்டசாலையில் வந்திறங்கிய பொதிகளின்மேல் உரிய வணிகர் பெயரும் அளவுக் குறியும் பொறிக்கப்பட்டிருந்தமையை இந்திரவிழவூரெடுத்த காதை குறிக்கின்றது. வணிகர் தாம் கொள்வதில் மிகுதி கொள்ளாமலும், கொடுப்பதிற் குறைக்காமலும் வாழ்ந்தனர் என்று பட்டினப்பாலை அவரைப் பாராட்டுகின்றது. இன்று பொட்டலந்தோறும் நிறையும் உச்சவிலையும் அச்சிட வேண்டுமென்று 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் வழியாக விதிக்கப்பட்டுள்ளது. அன்று பொதியின்மேற் பொறித்ததும் இன்று பொட்டலத்தின்மேல் அச்சிடுவதும் ஒரே தேவையினின்று பிறந்தவை எனலாம்.

ஆனால் அதே சிலப்பதிகாரம் வாணிகத்தின் மற்றொரு முகத்தையும் காட்டுகின்றது. புகாரிற் கோவலன் மாசாத்துவானின் மகன்; அவன் பெயரே அவனுக்குச் சான்று. மதுரையிலோ அவனை அறிந்தவர் எவருமிலர். பொன்னும் மணியும் துகிலும் கூலமும் விற்கும் வளமிக்க வீதிகளை அவன் கண்டு வியந்தான். எனினும் சிலம்பொன்றை விற்கச் சென்ற நாளில் அவ்வளம் அவனுக்கு உதவவில்லை. வழியில் எதிர்ப்பட்ட பொற்கொல்லனையே விலைமதிக்க வேண்டினான். அப்பொற்கொல்லன் தன் களவை அவன்மேல் ஏற்றினான். காப்பியத்தின் பெருந்துயர் அனைத்தும் ஒரு புதியவன் அறியாத கடைத்தெருவில் விலை கேட்டதிலிருந்து விளைந்தது. அறிந்தாரிடத்து அறிந்தார் வாங்குதல் எளிது. அறியாதாரும் அஞ்சாது வாங்கும் இடமே நல்லங்காடி என்பது இதனாற் பெறப்படும்.

இக்கருத்தைத் துணையாகக் கொண்டு நம்மூரை நோக்குவோம். தாம்பரம் வந்தேறிகளின் ஊர். 1931இல் கடற்கரை நிலையத்தினின்று தாம்பரம்வரை மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் நம் கல்லூரி நகரின் நடுவிடத்தை விட்டு இக்காட்டிடத்துக்கு வந்தது. பின்னர் வேலை தேடியும், குறைந்த விலையில் மனை தேடியும் பல மாவட்டத்தினர் இங்குக் குடியேறினர். 2021இல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்னும் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாக்கப்பட்டுத் தாம்பரம் மாநகராட்சி தோன்றிற்று. மேற்குத் தாம்பரத்துச் சண்முகம் சாலையின் நெருக்கமான கடைகளும், பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தையும் இன்னும் பழைய முறையை நினைவூட்டுகின்றன. அவற்றில் விலை கேட்டுப் பேசி முடிவு செய்யப்படும். பேசத்தெரிந்தவர்க்கு ஒரு விலை, தெரியாதவர்க்கு ஒரு விலை. ஊருக்குப் புதியவர், மொழி அறியாதவர், கூச்சமுடையவர் ஆகியோர் நிலை மதுரையிற் கோவலன் நிலையை ஒருசிறிது ஒக்கும்.

எல்லார்க்கும் ஒரே விலை என்னும் முறை எங்கிருந்து வந்தது? பாரிசு மாநகரில் ‘போன் மார்ஷே’ என்னும் கடையை அரிஸ்டீடு பூசிக்கோ என்பார் 1852 முதற்கொண்டு வளர்த்து, விலையைப் பொருளின்மேல் எழுதி வைக்கும் வழக்கத்தைப் பரப்பினார். அதற்குமுன், 1844இல், இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்தில் 28 தொழிலாளர் ஒன்றுகூடித் தமக்கெனக் கூட்டுறவுக் கடை ஒன்று திறந்தனர். கலப்படமில்லாத பண்டம், சரியான நிறை, ரொக்கத்துக்கே விற்பனை என்பன அவர்தம் கோட்பாடுகள். கடன் ஏழையைக் கடைக்காரனுக்கு அடிமையாக்கும் என்பதை அவர் பட்டறிந்திருந்தனர். அவ்வழியைப் பின்பற்றியே 1904இல் நம் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கம் நிறுவப்பட்டது. பிற்காலத்தில் அதன் கடைகள் ‘காமதேனு’ என்னும் பெயரால் மக்களிடைப் பழகின. வாங்குவோர் தாமே உள்ளே சென்று பண்டங்களை எடுத்துக்கொள்ளும் முறையை 1916இல் அமெரிக்காவின் மெம்பிசு நகரத்தில் ‘பிக்ளி விக்ளி’ என்னும் கடை தொடங்கிற்று.

சென்னையில் இத்தகைய தற்சேவைக் கடைகள் பெருகியது 1990களில். 1996இல் ‘புட்வேர்ல்டு’ இந்நகரிற் பிறந்தது. அதே 1996இல் கொத்தவால்சாவடியின் மொத்தக் காய்கனி வாணிகம் கோயம்பேட்டுக்கு மாற்றப்பட்டது. 1997இல் நம் தென்பகுதியாகிய திருவான்மியூரில் ‘சுபிட்சா’ தன் முதற்கடையைத் திறந்து, குறைந்த விலையாற் புகழ்பெற்று, இந்தியா முழுதும் 1,600க்கு மேற்பட்ட கிளைகளாக விரிந்தது. வேர் பிடிக்குமுன் கிளை மிகுந்த மரம் சாய்வதுபோலக் கைப்பணமின்றி 2009இல் அது அடியோடு வீழ்ந்தது; பணியாளர் ஊதியமும் பண்டம் தந்தவர் பணமும் நின்றுபோயின. 2013இல் வேளச்சேரியில் ‘பீனிக்சு’ வணிக வளாகம் திறக்கப்பெற்றது. தியாகராயநகரில் வளர்ந்த பெருந்துணிக்கடைகள் குரோம்பேட்டைக்கும் வந்தன. இன்றோ கடையென்று கண்ணுக்குத் தோன்றாத கிடங்குகளிலிருந்து இளைஞர் இருசக்கர வண்டிகளிற் சில நிமிடங்களில் வீட்டு வாயிலுக்கே பண்டங்களைக் கொணர்கின்றனர்.

இப்புதுமுறையின் நன்மைகளை மறுத்தல் அறிவுடைமையாகாது. முன்னாளில் ஊர்ப்புறங்களிற் சாதியால் ஒதுக்கப்பட்டோர் கடையின் முன்றிலுக்கு அப்பால் நின்று, காசைக் கீழே வைத்துவிட்டுப் பண்டம் பெறவேண்டியிருந்த கொடுமையை நம் பாட்டன்மார் கண்டிருக்கின்றனர். புதுக்கடையிற் கூடையைக் கையிலேந்தி உள்ளே நுழைபவரை, நீ யார், எத்தெரு என்று வினவுவார் இலர். எழுதப்பட்ட விலை அனைவர்க்கும் ஒன்றே. எத்துணைச் சிறிய பண்டமாயினும் அதனை எடுத்துப் பார்த்து, வேண்டாவெனின் வைத்துவிட்டு வரலாம். அறியாதாரும் அஞ்சாது வாங்கும் இடமே நல்லங்காடி என்று மேலே கூறினோம். அவ்வளவையாற் பார்ப்பின் பேரங்காடி பெருமைக்குரியதே. எம்போன்ற சிறுகடைகளிலோ விலையெழுதிய பலகை இருப்பதில்லை. இது எம் குறை.

இனி மற்றொரு பக்கத்தை நோக்குவோம். 2 ஆண்டுகட்கு முன் எம் தெருமுனையில் ஒரு பேரங்காடி திறந்தது. அதன்பின் எந்தையாரின் வாணிகம் ஒரு புதிய ஒழுங்கில் நடைபெறலாயிற்று. மாதத்தின் முதல்வாரத்தில், கையிற் பணமுள்ளபோது, அரிசியும் எண்ணெயும் பருப்பும் பேரங்காடியில் வாங்கப்படுகின்றன. மாதத்தின் கடைசி வாரத்தில், கையிற் பணமற்றபோது, அதே அரிசியும் எண்ணெயும் எம் கடையிற் சிறு பொட்டலங்களாக வாங்கப்படுகின்றன. “அண்ணாச்சி, எழுதிக்கொள்ளுங்கள்” என்னும் சொல் முன்னினும் மிகுதியாகக் கேட்கின்றது, ரொக்கமோ குறைந்துவிட்டது. ராச்டேல் தொழிலாளர் கடனை வெறுத்தமை சரியே. ஆயினும் நாட்கூலி பெறுவார்க்குக் கூலியற்ற நாளில் உலைக்கு அரிசி தருவது எது? 2020இல் பெருந்தொற்றினால் ஊரடங்கு வந்தபோது வணிக வளாகங்கள் மூடப்பட்டன. மே மாதத்திற் கோயம்பேடும் அடைக்கப்பட்டது. அந்நாளில் விதித்த நேரத்துக்குள் எந்தையார் கடை திறந்திருந்தது. வேலையிழந்த குடும்பங்கள் பலவற்றுக்கு அக்கணக்கேடே துணையாயிற்று. அறிந்தவர் என்னும் ஒன்றையே ஈடாகக் கொண்டு கடன்தரும் அமைப்பு இக்கணக்கேடு. எழுதிய விலையைக் காட்டும் இயந்திரத்துக்கு அது இயலாது.

பெருங்கடையைப்பற்றி ஆராய்வோர் அதன் விளக்கொளியை மட்டும் பாராமல், அங்கு நிற்போரையும் பார்த்தல் வேண்டும். தியாகராயநகர் ரங்கநாதன் தெருக் கடைப் பணியாளர் வாழ்வை 2010இல் வெளிவந்த ‘அங்காடித் தெரு’ என்னும் திரைப்படம் நாடறியக் காட்டிற்று. கடைப் பணியாளர் அமர்வதற்கு இருக்கை அளித்தல் வேண்டும் என்று கேரளம் 2018இல் சட்டம் திருத்திற்று. தமிழ்நாடும் 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தை 2021இல் அவ்வாறே திருத்தியது. அமர்வதற்கும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது என்பதே சிந்திக்கத்தக்கது.

எம் கடை வருவாய் சுருங்கியபின் என் தமக்கை ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். இரவில் வீடு திரும்பியதும் வெந்நீர் நிறைத்த பாத்திரத்திற் கால்களை வைத்துக்கொண்டுதான் உணவு கொள்வாள். “அக்கா, இருக்கை போடவில்லையா?” என்று ஒருநாள் கேட்டேன். “போட்டிருக்கிறார்கள், தம்பி. அதில் உட்கார்ந்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை” என்றாள். சட்டம் இருக்கையைக் கடைவரை கொண்டுவந்துவிட்டது. அதில் அமரும் துணிவை அவளுக்குத் தரவேண்டியவர் யார்? வாங்கச் செல்லும் நாமும் அவருள் அடங்குவோம். நாம் உள்ளே நுழைந்தபோது அமர்ந்திருக்கும் பணிப்பெண்ணைக் கண்டு முகஞ்சுளிப்போமாயின், அவ்விருக்கையை எடுத்துவிட்டவர் நாமே ஆவோம்.

இறுதியாக, இவ்விதழைப் படிக்கும் மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் ஒன்று கூறவேண்டும். எந்தையாரின் கணக்கேட்டில் அடிக்கப்படாத பக்கங்கள் சில உள. அவை இவ்வூர்க்குப் படிக்கவந்து அறையெடுத்துத் தங்கிய இளைஞர் சிலருடைய பக்கங்கள். தேர்வு முடிந்ததும் கணக்கை முடிக்காமலே ஊர்திரும்பினர். எக்கல்லூரியினர் என்பதை எந்தையார் என்னிடம் கூறியதில்லை. யானும் கேட்கத் துணிந்திலேன். பொய்ந்நிறையை நீதிமொழிகள் கடிகின்றது. பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணி வாணிகம் செய்க என்று திருக்குறள் வணிகர்க்கு அறிவுறுத்துகின்றது. அவ்வறம் தராசின் இரு தட்டுகட்கும் உரியதன்றோ? சிலப்பதிகாரத்தில் விற்கச் சென்றவன் கெட்டான். எம் கணக்கேட்டிலோ நம்பிக் கொடுத்தவர் இழந்தார்.

சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுதில் ஒருவர் மனைவியுடனும் சிறுமகளுடனும் எம் கடைக்கு வந்தார். 11 ஆண்டுகட்கு முன் தாம் வைத்துச்சென்ற கடனைச் செலுத்த வந்ததாகக் கூறினார். எந்தையார் பரண்மேலிருந்த பழைய ஏட்டை இறக்கித் தூசு தட்டிப் பக்கத்தைத் தேடினார். ரூ. 640 நின்றது. வந்தவர் 2,000 ரூபாய் நீட்டினார். எந்தையார் 640 மட்டும் எடுத்துக்கொண்டு, மிகுதியைத் திருப்பிக் கொடுத்து, பக்கத்தின் குறுக்கே ஒரு கோடிட்டார். பிறகு குழந்தையின் கையிற் கடலைமிட்டாய் ஒன்று வைத்தார். அன்றிரவு உணவின்போது அவர் பேசிய பேச்செல்லாம் அதுபற்றியே.

எக்கடையில் வாங்குவது என்பது அவரவர் விருப்பம். சிறுகடைகள் யாவும் நிலைக்கவேண்டும் என்று யான் வாதாடவில்லை. எம் கடையே நிலைக்குமோ அறியேன். சிறுகடைக்காரர் விலையைப் பலகையில் எழுதி வைக்கவேண்டும். பேரங்காடியார் தம் பணியாளரை அமரவிடவேண்டும். நாம் நம் பக்கத்தை முடித்துவிட்டு ஊர்செல்ல வேண்டும். இம்மூன்றும் நடக்குமாயின், அறிந்தாரும் அறியாதாரும் ஒருங்கே நம்பி நுழையும் கடைத்தெரு ஒன்று இவ்வூரில் அமையும். தேர்வுகள் நெருங்குகின்றன. அறையைக் காலிசெய்யுமுன் தெருமுனைக் கடைக்கு ஒருமுறை சென்று, “அண்ணாச்சி, என் கணக்கு எவ்வளவு?” என்று கேட்டுவிட்டுச் செல்வீராக.