மூட்டு வலிக்கு எந்த மாத்திரை?

தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் மருந்துக்கடையில் நின்று "மூட்டு வலிக்கு ரெண்டு நாளைக்கு ஒரு செட் கொடுங்க" என்று கேட்பது நமக்கெல்லாம் பழகிப்போன விஷயம். கடைக்காரர் கத்தரிக்கோலால் அட்டைகளை வெட்டி, சின்னக் காகித உறையில் போட்டுத் தருவார். அந்த உறையைக் கையில் கொட்டிப் பாருங்கள். ஒன்று வலி மாத்திரை, ஒன்று கேஸ் மாத்திரை. பொடியாக இன்னொன்று இருந்தால் அது ஸ்டீராய்டாகவும் இருக்கலாம். பெயர் அச்சடித்த ஓரம் கடையிலேயே தங்கிவிட்டிருக்கும். நாளைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனால், என்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்பதற்குப் பதில் இருக்காது. இரண்டே மாத்திரை வாங்கினாலும் பெயரும் காலாவதித் தேதியும் தெரியும்படி வாங்குங்கள், பில்லும் கேளுங்கள். டைக்ளோஃபினாக் போன்றவை டாக்டர் சீட்டோடு மட்டுமே விற்கவேண்டிய மருந்துகள். அட்டையில் சிவப்புக் கோடு இருப்பது அதற்காகத்தான்.

"எதுல பவர் ஜாஸ்தி?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். ஐபுபுரோஃபன், டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், நாப்ராக்சன், செலிகாக்சிப், எட்டோரிகாக்சிப் எல்லாம் ஒரே குடும்பம். உரிய அளவில் எடுத்தால் வலி குறைப்பதில் இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. வயிறு, இதயம், சிறுநீரகம் மூன்றில் எதை எந்த மருந்து அதிகம் படுத்தும் என்பதில்தான் வேறுபடுகின்றன. அதனால் உங்களுக்கு ஏற்கெனவே என்ன நோய் இருக்கிறது, என்ன மாத்திரை ஓடுகிறது என்பதை வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூட்டில் வீக்கத்தையும் வலியையும் கிளப்பும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாவதை இவை தடுக்கின்றன. அதே பொருள்தான் வயிற்றின் உள்சுவரை அமிலத்திலிருந்து காக்கிறது, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறையாமலும் பார்த்துக்கொள்கிறது. மருந்து ரத்தத்தில் கலந்துதான் இந்த வேலையைச் செய்கிறது. அதனால் "ஊசி போட்டா வயித்துக்கு ஒண்ணும் ஆகாது" என்ற நம்பிக்கை தவறு. ஊசியாலும் அல்சர் வரும்.

முழங்காலிலோ கை விரல்களிலோ தேய்மானம் என்றால் டைக்ளோஃபினாக் ஜெல்லில் தொடங்குங்கள். என் முதல் சிபாரிசு இதுதான். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் முழங்கால் தேய்மானத்துக்கு மாத்திரைக்கு முன்பு இதைத்தான் வைக்கிறது. ரத்தத்தில் சேரும் அளவு மாத்திரையோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். ஆனால் பட்டாணி அளவு தடவிவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்லக்கூடாது. முழங்காலுக்கு ஒரு தடவைக்கு 2 முதல் 4 கிராம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை தேவைப்படும். 30 கிராம் ட்யூப் சில நாளிலேயே தீர்ந்துவிடும். புண் இருக்கும் இடத்தில் தடவாதீர்கள், தடவிய கையோடு வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். இடுப்பு மூட்டு ஆழத்தில் இருப்பதால் அங்கே ஜெல் அவ்வளவாக எட்டாது.

பாராசிட்டமால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் இந்தக் குடும்பத்து மருந்துகள் அளவுக்குப் படுத்தாது, ஆனால் தேய்மான வலிக்கு அதன் பலன் குறைவு. ஒரு நாளைக்கு 4 கிராம் உச்சவரம்பு. மெலிந்த பெரியவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், தினமும் குடிப்பவர்கள் அதைவிட நன்றாகக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இனி மாத்திரைகள். அல்சர் வந்தவர்கள், 65 வயதைத் தாண்டியவர்கள் ஆகியோருக்கு இதயம் நன்றாக இருந்தால் செலிகாக்சிப் ரகம் வயிற்றுக்குச் சற்று இதம். கூடவே பேன்டோப்ரசோல் அல்லது ஒமிப்ரசோலைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் போடவேண்டும். பைராக்சிகாம், கெட்டோரோலாக் இரண்டும் வயிற்றுக்குக் கடுமையானவை, நீங்களாக வாங்கவே வாங்காதீர்கள். மலம் தார் மாதிரி கருப்பாகப் போனாலோ வாந்தி காபித்தூள் நிறத்தில் வந்தாலோ உள்ளே ரத்தம் கசிகிறது. மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

ஹார்ட் அட்டாக், ஸ்டென்ட், பக்கவாதம் என்று ஏதாவது ஒன்று இருந்தால் கணக்கே மாறிவிடும். வயிற்றுக்கு நல்லது என்று கொண்டாடப்பட்ட ரோஃபிகாக்சிப், மாரடைப்பு ஆபத்தைக் கூட்டுகிறது என்று தெரிந்து 2004-ல் உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. இப்போது இதய நோயாளிகள் தள்ளியே வைக்கவேண்டியவை டைக்ளோஃபினாக்கும் எட்டோரிகாக்சிப்பும். கட்டுப்பாட்டில் இல்லாத பி.பி. உள்ளவர்களுக்கும் எட்டோரிகாக்சிப் கூடாது. வேறு வழியில்லை என்றால் இதய டாக்டரைக் கேட்டுக் குறைந்த அளவில் நாப்ராக்சன். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் 75 சாப்பிடுகிறவர்கள் ஐபுபுரோஃபனைச் சேர்த்தால் ஆஸ்பிரின் செய்யும் வேலை கெட்டுப்போகும்.

சிறுநீரகத்துக்கு மட்டும் இந்தக் குடும்பத்தில் பாதுகாப்பான மாத்திரை என்று ஒன்றுமே இல்லை. கேஸ் மாத்திரையும் அங்கே காப்பாற்றாது. எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான், ஏனென்றால் நம் வீடுகளில் மூட்டு வலி உள்ள பெரியவர்களில் பலருக்கு பி.பி.யும் சுகரும் சேர்ந்தே இருக்கின்றன. டெல்மிசார்டான், லோசார்டான், எனலாப்ரில் இவற்றில் ஒன்று, கூடவே நீர் மாத்திரை, அதன்மேல் வலி மாத்திரை என்று மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று படுத்துவிடலாம். டெல்மிசார்டானும் நீர் மாத்திரையும் ஒரே மாத்திரையாகவே வருகின்றன, அட்டையில் ஹைட்ரோகுளோரோதயசைடு என்று இருக்கிறதா பாருங்கள். கத்திரி வெயிலில் வியர்த்து, தண்ணீர் குடிக்காமல் கிளாம்பாக்கத்தில் பஸ் மாறி அலையும் நாளில், அல்லது வாந்தி பேதி வந்த நாளில், இந்த ஆபத்து இன்னும் கூடும். சிறுநீரக நோய் இருப்பதாகத் தெரிந்தவர்கள் வலி மாத்திரையைத் தொடவே வேண்டாம். மற்றவர்கள் தொடர்ந்து சாப்பிடும் நிலை வந்தால் முதலில் கிரியாட்டினின் பார்த்துவிடுங்கள். அது செலவு குறைந்த சோதனைதான்.

கூட்டு மாத்திரைகளில் தெரியாமல் இரட்டிப்பாவது சகஜம். ஜீரோடால் பி-யில் அசிக்ளோஃபினாக்கும் பாராசிட்டமாலும் இருக்கின்றன, காம்பிஃப்ளாமில் ஐபுபுரோஃபனும் பாராசிட்டமாலும். காலையில் முழங்காலுக்கு அது, மாலையில் தலைவலிக்கு இது, இரவில் உடம்பு வலிக்கு ஒரு டோலோ என்றால் இரண்டு வலி மாத்திரையும் மூன்று தடவை பாராசிட்டமாலும் உள்ளே போயிருக்கும். வீக்கம் வடிய என்று சேர்க்கும் செரேஷியோபெப்டிடேஸுக்குப் பலன் நிரூபணமாகாததால் ஜப்பானில் 2011-லேயே அதை நிறுத்திவிட்டார்கள். அதற்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்குப் போய்வருகிறவர்கள் ஆங்கில மருந்தும் எடுத்தால், இரண்டு பக்க டாக்டர்களிடமும் அதைச் சொல்லிவிடுங்கள்.

வலி கூடிய நாளில் மட்டும், சாப்பிட்ட பிறகு, ஒரே ஒரு ரகம், குறைந்த அளவு. ஐந்து நாளுக்கு மேல் தேவைப்பட்டால் அது டாக்டர் பார்க்கவேண்டிய வலி. காலையில் எழுந்ததும் அரைமணிக்கு மேல் விரல்கள் மடங்காமல் இருந்தால் முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு மருந்தே வேறு, வலி மாத்திரையால் மூட்டு அழிவதைத் தடுக்க முடியாது. தேய்மானத்துக்குத் தொடைத் தசையைப் பலப்படுத்துவதே நீண்டகால வழி. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி ஐந்து எண்ணும்வரை பிடித்து இறக்குங்கள், ஒரு காலுக்குப் பத்துத் தடவை. நடமாட முடியாத பெரியவர்களுக்கு, 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். பி.பி. மாத்திரை கொண்டுவரும் பணியாளரிடம் கேளுங்கள்.

கடைசியாக, முடிச்சூர், வரதராஜபுரம் மாதிரி மழைநீர் தேங்கும் பகுதிகளில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐப்பசி கார்த்திகையில் காய்ச்சலோடு மூட்டு வலி வந்தால் அது சிக்குன்குனியாவா டெங்குவா என்று வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. டெங்குவாக இருந்து ஐபுபுரோஃபனோ டைக்ளோஃபினாக்கோ ஆஸ்பிரினோ போட்டால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை பாராசிட்டமால் மட்டும் எடுங்கள். இதய நோய்க்காக டாக்டர் சொல்லி ஆஸ்பிரின் எடுப்பவர்கள் அதைத் தொடர்வதா நிறுத்துவதா என்று அவரிடமே அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.