கடைக்கு கார்டு மெஷின் தேவையா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்



சேலைக்கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர் ஒருவர் கிளஸ்டர் கூட்டத்தில் கேட்டார்: "கார்டு வாங்க மாட்டோம்னு சொன்னதால ஒரு அம்மா எடுத்த சேலையை வச்சிட்டுப் போயிட்டாங்க மேடம். மெஷின் வாங்கிடலாமா?" நாங்கள் உடனே பதில் சொல்லவில்லை. எல்லோரும் சேர்ந்து கரும்பலகையில் கணக்குப் போட்டோம். அதுவே இம்மாதப் பாடம்.

முதலில் ஒரு விஷயம். டெபிட் கார்டில் வருவது வாடிக்கையாளரின் சொந்தப் பணம். கிரெடிட் கார்டில் வருவது வங்கி அவருக்குக் கொடுக்கும் கடன். ரூபே டெபிட் கார்டுக்கும், வங்கிக் கணக்கிலிருந்து ஸ்கேன் செய்து அனுப்பும் யுபிஐ பணத்துக்கும் 2020 ஜனவரி 1 முதல் கடைக்காரரிடம் கமிஷன் பிடிப்பதில்லை. கிரெடிட் கார்டுக்குப் பிடிப்பார்கள். வங்கிக்கு வங்கி அது மாறும்.

இப்போது கணக்கு. மாதம் 2,500 ரூபாய் சேலை 4, கிரெடிட் கார்டில் விற்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு சேலைக்கு லாபம் 375 ரூபாய்.

கமிஷன் 2 சதவீதம் என்றால்: 200 ரூபாய்
மெஷின் வாடகை 300 என்றால்: 300 ரூபாய்
இரண்டுக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதம்: 90 ரூபாய்
மொத்தச் செலவு: 590 ரூபாய்

"நாலு சேலைக்கு 1,500 ரூபா லாபம் வருதே, 590 போனா என்ன?" என்று ஒரு அக்கா கேட்டார். இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். அந்த நாலு பேரில் மூன்று பேர் கார்டு இல்லாவிட்டாலும் ரொக்கம் கொடுத்து வாங்கியிருப்பார்கள் என்றால், மெஷினால் கிடைத்த புது லாபம் ஒரு சேலைக்கு உரிய 375 மட்டுமே. செலவோ 590. மாதம் 215 ரூபாய் கைநஷ்டம்! இரண்டு பேர் புதிதாக வந்தால் 160 ரூபாய் மிஞ்சும். ஆகவே மொத்த விற்பனையைப் பார்க்காதீர்கள். மெஷின் இருப்பதால் மட்டும் வரும் விற்பனையைப் பாருங்கள்.

கார்டு பணம் பெரும்பாலும் அடுத்த வேலை நாளில்தான் கணக்கில் ஏறும். தினமும் ரொக்கம் கொடுத்துச் சரக்கு எடுக்கும் காய்கறி, பூ வியாபாரிகள் இதையும் யோசிக்க வேண்டும்.

இன்னொரு முக்கியமான விஷயம்: கணக்கு யார் பெயரில்? "போன் அவர் பேர்ல இருக்கு, அதனால ஸ்கேன் அட்டையும் அவர் கணக்குக்குத்தான்" என்று மூன்று பேர் சொன்னார்கள். உழைப்பது நீங்கள், பாஸ்புக்கில் வரவு ஏறுவது வேறொருவருக்கு. நாளை தொழில் கடன் கேட்டு வங்கிக்குப் போனால், உங்கள் வியாபாரத்துக்கு எதைக் காட்டுவீர்கள்? மெஷினோ ஸ்கேன் அட்டையோ, உங்கள் பெயரில் உள்ள கணக்கிலேயே வாங்குங்கள். குழுத் தொழில் என்றால் குழுக் கணக்கில் வாங்குங்கள்.

அந்தச் சகோதரி என்ன முடிவு செய்தார் தெரியுமா? முதலில் தன் பெயரில் ஸ்கேன் அட்டை. கார்டு இல்லை என்று திரும்பிப் போகிறவர்களை மூன்று மாதம் நோட்டில் குறிப்பது. மாதம் இரண்டு பேருக்கு மேல் இருந்தால் மட்டும் மெஷின்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்:
1. நம் கடைகளில் கார்டு இல்லாமல் திரும்பியவர்கள் மாதம் எத்தனை பேர்?
2. கமிஷன், வாடகை எவ்வளவு என்று வங்கியில் கேட்டு எழுதி வாங்கினோமா?
3. விற்ற பணம் யார் கணக்கில் சேர்கிறது?