ஊர் முடங்கினாலும் கட்டி காத்திருக்காது
பெருந்தொற்றுக் காலமும் புற்றுநோய் ஆபரேஷனும்



2020-ஆம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். பஸ் ஓடவில்லை. சந்தை கூடவில்லை. ஆஸ்பத்திரி என்றாலே அச்சம். அந்த நாட்களில் பல வீடுகளில் இப்படி ஒரு பேச்சு நடந்திருக்கும்.

"என்னங்க, மார்பிலே சின்னதா ஒரு கட்டி தட்டுப்படுது."

"வலிக்குதா?"

"வலி ஒண்ணும் இல்லீங்க."

"அப்போ இந்தக் கொரோனா அடங்கட்டும். பிறகு பார்த்துக்கலாம்."

கணவர் சொன்னது அன்பினால்தான். ஆனால் கொரோனா அடங்கும்வரை கட்டி சும்மா இருக்குமா? இருக்காது. புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. ஆகவே வலி இல்லை என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

ஆபரேஷன்கள் ஏன் தள்ளிப்போயின?

பெரிய ஆபரேஷன் முடிந்தவருக்குத் தீவிர சிகிச்சைப் படுக்கையும் செயற்கைச் சுவாசக் கருவியும் தேவைப்படலாம். அவை கொரோனா நோயாளிகளுக்கு ஒதுக்கப்பட்டன. மயக்க மருந்து டாக்டர்களும் நர்சுகளும் அந்த வார்டுகளுக்குப் போனார்கள். அவர்களில் பலருக்கும் நோய் கண்டது. ரத்ததான முகாம்கள் குறைந்ததால் ரத்தம் கிடைப்பதும் கடினமாயிற்று.

இன்னொரு காரணமும் உண்டு. 2020-ன் தொடக்க மாதங்களில், ஆபரேஷனை ஒட்டிக் கொரோனா கண்டவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் 30 நாட்களுக்குள் இறந்ததாகப் பல நாட்டு மருத்துவர்கள் கூடிச் செய்த ஆய்வு காட்டியது. அதனால்தான் முதலில் கொரோனா பரிசோதனை, பிறகு ஆபரேஷன் என்ற முறை வந்தது.

விளைவு என்ன?

நம் நாட்டின் 41 புற்றுநோய் மருத்துவமனைகளின் கணக்கைப் பாருங்கள். 2020 மார்ச் முதல் மே வரை, முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிடப் பெரிய ஆபரேஷன்கள் 49 சதவீதம் குறைந்தன. புதிதாகப் பதிவு செய்த நோயாளிகளோ 54 சதவீதம் குறைந்தனர். நோய் குறைந்துவிட்டதா? இல்லை. நோயாளிகள் வர முடியவில்லை, வர அஞ்சினார்கள்.

புற்றுநோய் ஆபரேஷன் 4 வாரம் தள்ளிப்போனால், உயிருக்கு ஆபத்து ஏறத்தாழ 6 முதல் 8 சதவீதம் கூடுகிறது என்று 2020-ல் வெளிவந்த ஆராய்ச்சி கூறுகிறது. மாதங்கள் கூடக்கூட ஆபத்தும் கூடும்.

ஆயினும் மனம் தளர வேண்டாம். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 2020 மார்ச் 23 முதல் ஏப்ரல் 30 வரை 494 புற்றுநோய் ஆபரேஷன்கள் தக்க பாதுகாப்போடு நடந்தன. ஆபரேஷனுக்குப் பின் ஒருவர்கூட இறக்கவில்லை. அச்சமான காலத்திலும் வழி இருந்தது.

ஆஸ்பத்திரி தள்ளிவைத்த நாளை நாம் மாற்ற முடியாது. நாமாகவே தள்ளிவைக்கும் நாள் நம் கையில்தான் இருக்கிறது.

இனி ஒரு கொள்ளைநோய் வந்தால் செய்யவேண்டியவை

1. மார்பில் கட்டி, மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தப்போக்கு, தாம்பத்திய உறவுக்குப் பின் ரத்தம், நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், 3 வாரமாகியும் ஆறாத வாய்ப்புண் - இவற்றில் எது கண்டாலும் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். வெளியே போக முடியாவிட்டால் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள்; 104-க்குப் போன் செய்து ஆலோசனை கேளுங்கள்.

2. ஊரடங்கிலும் சிகிச்சைக்காகப் பயணம் செய்ய அனுமதி தரப்பட்டது. "போக விடமாட்டாங்க" என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள்.

3. ஆபரேஷன் தேதி தள்ளிப்போனால் டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: புதுத் தேதி எது? அதுவரை வேறு மருந்தோ கதிர்வீச்சோ உண்டா? வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடியுமா?

4. ஓ.பி. சீட்டு, சதைப் பரிசோதனை முடிவு, ஸ்கேன், காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள். ஆஸ்பத்திரியில் உங்கள் சரியான போன் நம்பரைக் கொடுங்கள். கூப்பிடும்போது கிடைக்காவிட்டால் உங்கள் முறை அடுத்தவருக்குப் போய்விடலாம்.

5. டாக்டர் சொல்லும் தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆபரேஷனுக்கு முந்தைய நாட்களில் கலியாணம், திருவிழா போன்ற கூட்டங்களைத் தவிருங்கள். வீட்டில் இருப்பவர்களும் அப்படியே இருக்கவேண்டும்.

கொள்ளைநோய் இல்லாத இந்த நாளிலும் ஒரு வேலை இருக்கிறது. 30 வயதைத் தாண்டிய தாய்மார்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகத்தையும் கருப்பை வாயையும் இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம்.

கணவர்மார்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுக்காரி தன் நோவைக் கடைசியில்தான் சொல்வாள். பிள்ளைக்குப் பார்த்து, மாட்டுக்குப் பார்த்து, பிறகுதான் தனக்கு. அவள் வாய் திறந்து சொல்லும்போது, "பிறகு பார்த்துக்கலாம்" என்று சொல்லாதீர்கள். "கிளம்பு, நானும் வர்றேன்" என்று சொல்லுங்கள்.

காலத்தே காட்டுவோம்! கட்டியை வெல்வோம்!