நாட்பட்ட வயிற்று நோயும் உருவுதல் சிகிச்சையும்

உழைத்துண்ணும் மக்களுக்கு உடலே முதற் பொருள். தறி பழுதுற்றாலும் ஏர் பழுதுற்றாலும் சங்கத்திற் கடன் பெற்றேனும் செப்பனிட்டுக் கொள்ளலாம். உடல் பழுதுற்றால் அத்துணை எளிதிற் செப்பனிட இயலாது. அதிலும் நாட்பட்ட வயிற்று நோய் ஒரு தனி வகையைச் சேர்ந்தது. காய்ச்சலும் எலும்பு முறிவும் பிறர் கண்ணுக்குப் புலனாகும். ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் மலச்சிக்கலும் வயிற்று உப்புசமும் குடல் வலியும் புலனாவதில்லை. நோயுற்றவரும் வெட்கத்தால் வாய் திறப்பதில்லை. கடையிற் கேட்டு வாங்கிய மாத்திரையை விழுங்கிக்கொண்டு, பாதி வலுவோடு வேலை செய்து வருகின்றனர்.

இத்தகையோருக்கு வயிற்றைக் கையால் உருவிவிடுதல் பயன் தருமா? தருமாயின் எவ்வளவு தரும்? எங்கே அது தீங்காய் முடியும்? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கம். மூன்றாவது வினாவை அங்கத்தினர்கள் சிறப்பாக மனத்திற் கொள்ள வேண்டுகின்றோம். உயிர் காப்பதும் உயிர் போக்குவதும் அவ்விடத்திலேயே இருக்கின்றன.

குடலின் அமைப்பு

நாம் உண்ணும் உணவு இரைப்பையிற் சில மணி நேரம் தங்கிக் கூழாகிச் சிறுகுடலை அடைகின்றது. ஏறக்குறைய 20 அடி நீளமுள்ள சிறுகுடல் அதன் சத்தை உறிஞ்சிக்கொள்கின்றது. எஞ்சிய சக்கை ஏறக்குறைய 5 அடி நீளமுள்ள பெருங்குடலுட் புகுகின்றது. பெருங்குடல் அடிவயிற்றின் வலப்புறத்தில் தொடங்கி, விலா எலும்பு வரை மேலேறி, குறுக்கே இடப்புறம் சென்று, பின் கீழிறங்கி மலக்குடலில் முடிகின்றது. 'ப' என்னும் எழுத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து வயிற்றின்மேல் எழுதினால் அதுவே பெருங்குடல் செல்லும் வழியாகும். உருவுதல் முறை முழுவதும் இவ்வழியைப் பற்றியே அமைவதால் இதனை நன்கு நினைவில் இருத்துக.

குடலின் சுவரிலுள்ள தசைகள் அலையலையாகச் சுருங்கி விரிந்து சக்கையை முன்னே தள்ளுகின்றன. இவ்வலை காலையில் எழுந்தபின்னும் உணவு உண்டபின்னும் வலுத்திருக்கும். பெருங்குடல் சக்கையிலுள்ள நீரை உறிஞ்சும் இயல்புடையது. ஆதலின் சக்கை அங்கே எவ்வளவு நேரம் தேங்குகின்றதோ அவ்வளவிற்கு இறுகும். இறுகிய மலம் நகர்வதற்கு மேலும் நேரமாகும். இவ்வாறு நோய் தன்னைத் தானே வளர்த்துக்கொள்கின்றது.

நாள்தோறும் மலங்கழியாவிட்டால் நோய் என்று அஞ்ச வேண்டுவதில்லை. நாளொன்றுக்கு 3 முறை முதல் வாரத்திற்கு 3 முறை வரை இயல்பான அளவே. வாரத்திற்கு 3 முறைக்குக் குறைதலும், பெரிதும் முக்க வேண்டியிருத்தலும், கழித்தபின்னும் முழுதும் கழியாத உணர்வு தங்குதலும் பல மாதம் தொடருமாயின் அதுவே நாட்பட்ட மலச்சிக்கல்.

நம் தொழிலும் இந்நோயும்

குழித்தறியில் அமர்ந்து நெய்வோர் வயிற்றை மடக்கிக் குனிந்தவாறே பல மணி நேரம் கழிக்கின்றனர். பாவு ஓடிக்கொண்டிருக்கும்போது எழ மனமின்றி மலம் கழிக்கும் உணர்வை அடக்கிக்கொள்வோர் பலர். வயலில் வேலை செய்யும் பெண்கள், ஒதுங்குதற்கு மறைவிடம் இன்மையால் நீர் பருகுவதையே குறைத்துக்கொள்கின்றனர். அடக்க அடக்க மலக்குடல் தன் உணர்ச்சியை இழந்து, பின்னர் அழைக்க வேண்டிய வேளையில் அழைக்காமற் போகின்றது. ஆதலின், உணர்வு தோன்றியவுடன் எழுந்து செல்லுதலே முதல் மருந்து. ஒரு முழம் நெசவு தாமதமானால் மறுநாள் ஈடு செய்யலாம். கெட்ட குடற்பழக்கத்தை ஈடு செய்ய மாதங்கள் வேண்டும்.

பழைய வழக்கமும் இக்காலச் சோதனையும்

உடலைப் பிடித்தலும் உருவுதலும் நமக்குப் புதியன அல்ல. சித்த மருத்துவம் இதனைத் தொக்கணம் எனப் பெயரிட்டு, தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என 9 வகையாகப் பகுத்துள்ளது. மேல்நாட்டிலும், 1813-ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் நகரில் பெர் ஹென்ரிக் லிங் என்பார் தேகப்பயிற்சிக் கழகம் ஒன்றைத் தொடங்கியபின் இக்கலை பெரிதும் பரவிற்று. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மலச்சிக்கலுக்கு வயிற்றை உருவும்படி மருத்துவர்களே கூறிவந்தனர். பேதி மாத்திரைகள் மலிந்தபின் அவ்வழக்கம் குன்றியது.

பழமை ஒன்றே சான்றாகாது. ஸ்வீடன் நாட்டு உமேயோ பல்கலைக்கழகத்தார் 60 நோயாளரைக் கொண்டு நடத்திய சோதனையின் முடிவு 2009-இல் வெளியாயிற்று. ஒரு பகுதியினருக்கு அவர்கள் வழக்கமாக உண்ணும் மருந்தோடு கையும் வயிறும் உருவிவிடப்பட்டன. மற்றவர் மருந்தை மட்டும் உண்டனர். எட்டு வார முடிவில், உருவுதல் பெற்றவர்க்கு மலச்சிக்கலும் வயிற்று வலியும் குறைந்தன. மலங்கழியும் தடவை கூடிற்று. ஆனால் அவர்கள் உண்ட மலமிளக்கியின் அளவு குறையவில்லை. ஆதலின் உருவுதல் மருந்துக்குத் துணையாகுமேயன்றி மருந்துக்கு மாற்றாகாது என்பது பெறப்படும்.

மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புகளின் உறை சிதையும் நோயுடையாரிடம் பிரிட்டனில் நடத்திய சோதனையின் அறிக்கை 2018-இல் வெளிவந்தது. அதில் முக்கியமாகக் கொண்ட அளவுகோலில் தெளிவான வேறுபாடு காணப்படவில்லை. எனினும் வாரத்தில் மலங்கழியும் தடவை சிறிது மிகுந்தது. இவற்றால் நாம் கொள்ளத்தக்க முடிவு யாது? உருவுதல் பெரு மருந்து அன்று, சிறு துணை. ஆயினும், செலவின்றித் தம் கையாலேயே செய்துகொள்ளக் கூடிய துணையை இகழ்தல் அறிவுடைமை ஆகாது.

செய்யும் முறை

இனிக் கூறப்படும் முறை, மருத்துவர் பார்த்து நாட்பட்ட மலச்சிக்கல் என்று உறுதி செய்தவர்க்கே உரியது.

1. காலையில் வெறும் வயிற்றிலேனும், உண்டு 2 மணி நேரம் கழித்தேனும் செய்க. முதலிற் சிறுநீர் கழித்துவிடுக.

2. பாயில் மல்லாந்து படுத்து, முழங்கால்களின் கீழ் ஒரு தலையணையையோ சுருட்டிய சேலையையோ வைத்துக்கொள்க. அப்போதுதான் வயிற்றுத் தசை தளரும்.

3. கைகளைத் தேய்த்துச் சூடேற்றிக்கொள்க. கை வழுக்கிச் செல்லச் சில துளி எண்ணெய் போதும். நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ எதுவாயினும் ஆகும். விலை உயர்ந்த தைலம் வேண்டுவதில்லை.

4. உள்ளங்கையை வயிற்றின்மீது வைத்து, வயிறு மெல்ல எழுந்து தாழுமாறு பத்து முறை மூச்சு விடுக.

5. கால்வாயைத் தூர் எடுக்கும் உழவர் கடைமடையை முதலில் திறந்துவிடுவர். அவ்வாறே இங்கும் கடைப்பகுதியிலிருந்தே தொடங்குக. முதலில், இடப்பக்க விலா எலும்பின் கீழிருந்து இடுப்பு வரை மேலிருந்து கீழாகப் பத்து முறை உருவுக.

6. அடுத்து, வலப்பக்க விலாவின் கீழிருந்து குறுக்கே இடப்பக்கம் சென்று, கீழிறங்கிப் பத்து முறை உருவுக.

7. பின்னர், வலப்பக்க அடிவயிற்றிலிருந்து மேலேறி, குறுக்கே சென்று, இடப்பக்கம் கீழிறங்கி முழு வழியையும் பத்து முறை உருவுக. இதன்பின் விரல்களின் தட்டையான பகுதியால் அதே வழியிற் சிறு சிறு வட்டங்களாகத் தேய்த்துச் செல்க.

திசை மாறலாகாது. வயிற்றின்மேல் ஒரு கடிகாரத்தை முகம் மேல்நோக்க வைத்தால் அதன் முள் சுற்றும் திசையே உரிய திசை. அழுத்தம் உறுதியாயும் இதமாயும் இருத்தல் வேண்டும். வலி தோன்றினால் உடனே நிறுத்துக. நகத்தால் ஊன்றுதலும், முட்டியால் அமுக்குதலும், காலால் மிதித்தலும் அறவே கூடா. மொத்தம் 10 முதல் 15 நிமிடம் போதும். காலை உணவு உண்டு சிறிது நேரத்தில், உணர்வு தோன்றினும் தோன்றாவிடினும் கழிப்பிடம் சென்று அமர்க. குந்தி அமரும் முறை நன்று. நாற்காலி போன்ற பீடமாயின், முழங்கால் இடுப்பினும் உயர்ந்து நிற்கப் பாதங்களின் கீழ் ஒரு மணை வைத்துக்கொள்க. பயன் உண்டா இல்லையா என ஓரிரு நாளில் தீர்மானித்தல் தவறு. எட்டு வாரம் விடாது செய்து பார்க்க வேண்டும்.

நீரும், கீரையும், வாழைத்தண்டும், கொய்யாவும், கேழ்வரகும் இல்லாத வயிற்றில் உருவுதல் மட்டும் என் செய்யும்? உள்ளே தள்ளுதற்கு நீரும் நாரும் இருந்தாலன்றிக் கையின் முயற்சி வீணே.

கை வைக்கலாகாத வயிறு

நம் ஊர்களில் திடீரென வயிறு வலித்தால் "குடலேற்றம்" என்று கூறி, குடல் தட்டுவோரிடம் அழைத்துச் செல்லும் வழக்கம் உண்டு. குடல், சவ்வினால் முதுகுப்புறச் சுவரோடு பிணைக்கப்பட்டுள்ளது. நெஞ்சிற்குக் கீழே உதரவிதானம் என்னும் தசைத்திரை தடுத்து நிற்கின்றது. ஆதலின் அது கண்டபடி மேலே ஏறுவதில்லை. வாயுவினால் வந்த வலி தானே தணியக் கூடியது. அது தணியும்போது தட்டியவர்க்குப் பெயர் கிடைக்கின்றது. ஆனால் வலி வாயுவினால் அன்றிக் குடல்வால் அழற்சியினால் வந்ததாயின்? தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி சில மணி நேரத்தில் வலப்பக்க அடிவயிற்றிற்கு நகர்வதும், உடன் காய்ச்சலும் வாந்தியும் தோன்றுவதும் அந்நோயின் வழக்கமான குறிகள். அங்கே தட்டிப் பிசைந்துகொண்டிருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் குடல்வால் வெடித்துச் சீழ் வயிறெங்கும் பரவுதற்கு இடந்தரும். அன்றே அறுவை செய்தால் பிழைக்கும் உயிர் ஒருநாள் தாமதத்தால் ஆபத்துக்கு உள்ளாகின்றது.

ஆதலின், திடீர் வலி, காய்ச்சல், ஓயாத வாந்தி, காற்றும் பிரியாமல் வயிறு ஊதுதல், மலத்தில் இரத்தம் அல்லது தார்போற் கருத்த மலம், கட்டி தட்டுப்படுதல் ஆகிய ஒன்று தோன்றினும் கையை எடுத்துவிட்டு மருத்துவமனைக்கு விரைக. கருவுற்ற பெண்கள், குடலிறக்கம் உள்ளோர், அண்மையில் வயிற்றில் அறுவை செய்துகொண்டோர், ஈரலோ மண்ணீரலோ வீங்கியவர் ஆகியோரும் உருவுதலை விலக்க வேண்டும். ஐம்பதைக் கடந்தவர்க்குப் புதிதாக மலப்பழக்கம் மாறி உடலும் இளைத்தால், அது புற்றுநோயா என ஆராய்ந்து அறிதல் இன்றியமையாதது.

பிற நாட்பட்ட நோய்கள்

வயிற்றுப் புண்ணை உருவி ஆற்ற முடியாது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்னும் இருவர் 1982-இல் கண்டறிந்த கிருமியே அப்புண்களிற் பெரும்பாலனவற்றிற்குக் காரணம். அதற்காக அவர்கள் 2005-இல் நோபல் பரிசு பெற்றனர். மற்றொரு பெருங்காரணம் வலி மாத்திரைகள். தறியில் அமர்ந்து நொந்த முதுகிற்காக நாள்தோறும் அவற்றை விழுங்குவோர் இதனைக் கருத வேண்டும். புண்ணை ஆற்றுதற்குரிய மருந்துகள் உள்ளன.

நாள்பட்ட காய்ச்சலும் இளைப்பும் வயிற்று வலியும் கூடியிருந்தால் அது குடற் காசநோயாகவும் இருக்கலாம். பல மாதம் முறையாக மருந்துண்டால் அது குணமாகும். உருவுதலிற் கழித்த மாதங்களோ நோய்க்கே இலாபமாகும். குடலே அழற்சியுற்று இரத்தம் கழியும் நோய்களில், நோய் மூண்டிருக்கும் காலத்து வயிற்றைத் தொடலாகாது. ஆயினும் அந்நோயாளருக்கு வலியோடு அச்சமும் உறக்கமின்மையும் சேர்கின்றன. அவர்களுடைய கை, கால், தோள்களை இதமாகப் பிடித்துவிடுதல் நோயைத் தீர்க்காவிடினும் மனத்தை ஆற்றும். பல்லாண்டு நோயை யாரிடமும் கூறாது சுமந்தவர்க்கு, உறவினர் ஒருவர் அருகிருந்து கால்மணி நேரம் கை பிடித்துவிடுதல் சிறிய உதவி அன்று.

சங்கம் செய்யத்தக்கது

தமிழ்நாட்டில் 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம், இயன்முறை சிகிச்சையையும் வீட்டு வாயிலுக்குக் கொண்டுவரும் நோக்குடையது. அரசு மருத்துவமனை இயன்முறை மருத்துவர் ஒருவரை அங்கத்தினர் கூட்டத்திற்கு அழைத்து, மேற்கூறிய முறையைச் செய்து காட்டச் செய்தல் நம் சங்கங்களுக்கு அரிய செயல் அன்று. பெண்களுக்குப் பெண் மருத்துவரைக் கொண்டு தனியே காட்டுதல் நலம். தறிக்கூடங்களுக்கும் கொள்முதல் நிலையங்களுக்கும் அருகே தூய குடிநீரும் கதவுள்ள கழிப்பிடமும் அமைத்தல் அதனினும் முதன்மையான கடமையாகும்.

கை நோயை அறியாது. அறிந்து சொல்ல வேண்டியவர் மருத்துவர். அவர் சொன்னபின் கை செய்யும் உதவி உண்மையானது. இவ்வரிசை மாறாதிருக்குமாறு ஒவ்வோர் அங்கத்தினரும் தம் இல்லத்திலும் அண்டை வீட்டிலும் எடுத்துரைக்க வேண்டுகின்றோம்.