பேரனின் பயிற்சியாளருக்கு உரிமம் வேண்டாமா?

கேள்வி: டெக்சாஸில் இருக்கும் என் மகள்வழிப் பேரனுக்கு ஆட்டிசம். நடத்தைப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வரும் பெண்ணிடம் அரசு உரிமம் இல்லையாம். நம்பலாமா? (ஒரு வாசகி, மதுரை)

பதில்: நம்பலாம் அம்மா, ஒன்றை மட்டும் விசாரித்துவிட்டு. நடத்தைப் பகுப்பாய்வாளருக்கு உரிமம் கட்டாயம் என்ற சட்டம் டெக்சாஸில் 2017-இல் இயற்றப்பட்டது; 2018 செப்டம்பர் 1 முதல் உரிமமில்லாமல் தொழில் செய்ய முடியாது. ஆனால் உரிமம் வேண்டியது குழந்தையை ஆராய்ந்து பயிற்சித் திட்டம் வகுப்பவருக்குத்தான். முதுகலைப் பட்டமும் சான்றிதழ்த் தேர்வும் முடித்தவர் அவர். அவருடைய மேற்பார்வையில் வீட்டுக்கு வந்து பயிற்சி தரும் உதவியாளருக்கு விலக்கு உண்டு. உரிமம் பெற்றவரின் வழிகாட்டுதலில் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கும் உங்கள் மகளுக்கும் அப்படியே. பள்ளி ஆசிரியருக்கும் விலக்கு உண்டு என்றாலும், அதே வேலையை வெளியே தனியாகக் கட்டணம் வாங்கிச் செய்யக் கூடாது.

மேற்பார்வை பெயரளவில் நின்றுவிடுவதுதான் என் கவலை. மேற்பார்வையாளர் யார், பையனைக் கடைசியாக எப்போது பார்த்தார் என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள். அந்தப் பெயரை மாநில உரிமத் துறையின் இணையதளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். பெயரைச் சொல்லவே தயங்கினால், வேறு இடம் பார்க்கச் சொல்லுங்கள்.