வாயிலும் களமும்

குமரி மாவட்டத்தின் தலைநகராகிய நாகர்கோவிலில் அண்ணா விளையாட்டரங்கு அமைந்துள்ளது. இத்தகைய அரங்கு ஒன்றிற்குச் சக்கர நாற்காலியில் அமர்ந்து ஒருவர் பந்தாட வருகின்றார் எனக் கொள்வோம். வாயிலில் மூன்று படிகள் மட்டுமே இருப்பின், அவர்தம் ஆட்டம் ஆங்கேயே முடிந்துவிடும். அவரைத் தடுத்தவை அவர்தம் கால்களா, அப்படிகளா என்பது ஆராயத்தக்கது.

சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு, ஐந்தாம் வயதில் பேருந்து ஏறியதனால் வலக்கால் நசுங்கப்பெற்றவர். அவரே 2016-ஆம் ஆண்டில் ரியோ நகரத்துப் பாராலிம்பிக் போட்டியில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கப்பதக்கம் வென்றார். சக்கர நாற்காலிக் கூடைப்பந்தாட்டத்திலும் வளையத்தைத் தாழ்த்துவது இல்லை. ஏனையோர் ஆடும் அதே 3.05 மீட்டர் உயரமே அவர்க்கும் உரியது. அவர் வேண்டுவது எளிய ஆட்டம் அன்று. களத்திற்குச் செல்லும் வழியே.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் விளையாட்டுக் கட்டமைப்புகளை இவர்க்கு ஏற்பத் திருத்தியமைத்தல் வேண்டும் என்கின்றது. படிக்கு மாற்றாவது சாய்தளம். ஒரு பங்கு உயரத்திற்குப் பன்னிரண்டு பங்கு நீளம் வேண்டும் என்பது விதி. படி ஒன்று 15 சென்டிமீட்டர் எனின், மூன்று படிகளின் உயரம் 45 சென்டிமீட்டர். அதற்கு வேண்டும் சாய்தளத்தின் நீளம் 5.40 மீட்டர். கட்டடம் முடிந்தபின் இடம் தேடுவோர்க்கு இந்நீளம் கிடைப்பது அரிது. ஆதலின் இரண்டு மீட்டரில் செங்குத்தாக ஒன்றைக் கட்டிவிடுவர். அது சாய்தளம் அன்று, சறுக்குமரம்!

நாஞ்சில் நாட்டிற்குத் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவக்காற்றுகளும் மழை தருகின்றன. பளபளக்கும் கருங்கல் தளம் பார்வைக்கு அழகிதாயினும், நனைந்தவிடத்து ஊன்றுகோலை வழுக்கிவிடும். எனவே இங்குச் சொரசொரப்பான தளமும், இருபுறமும் கைப்பிடியும், நீர் தேங்காத வாட்டமும் இன்றியமையாதன.

உடை மாற்றும் அறையும் கழிவறையும் பெரும்பாலும் மறக்கப்படுவன. கதவின் அகலம் 90 சென்டிமீட்டரும், உள்ளே நாற்காலி திரும்புதற்கு 150 சென்டிமீட்டர் வெற்றிடமும் வேண்டும். கழிவறைக் கதவு வெளிப்புறம் திறத்தல் நன்று. உள்ளே ஒருவர் விழுந்துவிடின், உள்நோக்கித் திறக்கும் கதவை அவர் உடலே அடைத்துக்கொள்ளும்.

பார்வையற்றோர்க்கு நடைவழியில் புடைப்போடுகள் பதிக்க வேண்டும். நீண்ட கோடுகள் ‘செல்க’ என்றும், புள்ளிகள் ‘நிற்க’ என்றும் அடிகளுக்கு உணர்த்தும். அவர்கள் ஆடும் கால்பந்தின் உள்ளே ஒலியெழுப்பும் மணிகள் உள்ளன. அவ்வொலியைக் கேட்டே பந்தைத் தொடர்வர். களத்தின் இரு பக்க எல்லைகளிலும் மார்பளவுத் தடுப்புப் பலகைகள் நிற்கும். பந்து வெளியேறாமல் காப்பதோடு, ஆடுவோர்க்குத் தாம் நிற்கும் இடத்தையும் அவை அறிவிக்கும். இத்தகைய களத்தைப் பேருந்து நிலையத்தின் இரைச்சலுக்கு அருகில் அமைப்பதால் பயன் இல்லை. ஆட்டம் நடக்குங்கால் காண்போரும் வாய் திறத்தல் ஆகாது; பந்து வலையுள் புகுந்த பின்னரே ஆரவாரம் செய்வர்.